பன்னிரண்டரைக் கிலோ

பையை நான் புறக்கோட்டையில் வாங்கினேன்,
நடைபாதைக் கடையில், பாதி விலைக்கு.
யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போனதாம்.
கைப்பிடியில் பாங்கொக் விமான நிலையத்துச் சீட்டு
இன்னும் கிழியாமல் ஒட்டியிருந்தது.
என்னைவிட அதிகம் உலகம் பார்த்த பை.
அது போகாத ஊராகப் பார்த்து
கிளிநொச்சிக்கு ரிக்கெட் எடுத்தேன்.

விடியக் காலை நாலு மணி.
இரவு மெயில் என்னை உதிர்த்துவிட்டு
யாழ்ப்பாணத்துக்கு ஓடியது.
அந்த நேரத்துக்கே ஏ-நைன் வீதியில்
மரக்கறி லொறிகளுக்கு அவசரம்.
ஒரு லீசிங் கம்பனி, பக்கத்தில் இன்னொன்று,
நடுவில் நெருக்கப்பட்டு ஒரு டயர்க் கடை.

லொட்ஜில் நிரோயன் என்ற பையன்
கொட்டாவியோடு கேட்டான்:
"என்.ஜி.ஓ.வோ?" இல்லை.
"யூடியூப்போ?" இல்லை.
"அப்ப, கலியாண வீடோ?"
சும்மா, பார்க்க வந்தேன் என்றேன்.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்துக்குள்
"சும்மா" என்று எழுதினான்.
அழகான கையெழுத்து.

பகல் முழுக்க நடந்தேன்.
எங்கள் ஹட்டனில் இந்த வெயிலை
ஒரு வருடத்துக்குப் பங்கிட்டுத் தருவார்கள்.
போன் கடைகளின் ஸ்பீக்கர்கள்
வாசலுக்கு வாசல் சண்டை பிடித்தன.
பாண் ஓட்டோ தன் ஒரே இசையோடு
மூன்று முறை என்னைக் கடந்தது.
மூன்றாம் முறை
தோற்றுப்போய் ஒரு மாலுபாண் வாங்கினேன்.

மறுநாள் முல்லைத்தீவு பஸ். நிற்கத்தான் இடம்.
ஜன்னலோரத்துப் பெண் கேட்காமலே
என் பையை இழுத்து மடியில் வைத்தாள்.
ஒரு தரம் தூக்கி அசைத்தாள்.
"பன்னிரண்டரை."
தராசா உங்கள் மடி?
"சங்கக் கடையில பதினேழு வருசம்
அரிசி நிறுத்தனான், பிள்ளை."
பிறகு, வெளியே பார்த்தபடி:
"இதோட ஓட ஏலாது."

எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனோ.

அவள் ஸிப்பைத் திறந்தாள்,
சொந்த அலுமாரியைத் திறப்பதுபோல.
"விசுவமடு இறக்கம்!" கொண்டக்டர் கத்தினான்.
"இந்தச் சப்பாத்து," என்றாள்.
"உடையார்கட்டு!"
"புத்தகம். ரெண்டும்."
முடி உலர்த்தும் மெசினைப் பார்த்து
வாய் பொத்திச் சிரித்தாள்.
"இது பரந்தனிலயே போயிருக்கும்."
"தேவிபுரம்!"
துவாய், அரைக்கிலோ சீனி, என் நல்ல பாவாடை.
பாவாடையைத் தடவிப் பார்த்து
கொஞ்சம் யோசித்துத்தான் விட்டாள்.
தண்ணீர்ப் போத்தலை மட்டும் தொடவில்லை.
அதற்குப் பிறகு?
"அதுக்குப் பிறகு பையே இல்லை."

புதுக்குடியிருப்பில் எழுந்தாள்.
தன் உரப்பையிலிருந்து பச்சைக் கச்சான்
அள்ளி அள்ளி என் பைக்குள் போட்டாள்,
மண்ணோடு, வேண்டாம் வேண்டாம் என்னும்போதே.
"இப்ப பதினாலரை.
கேட்டால் குலநாயகி தந்தது எண்டு சொல்லுங்கோ."
யார் கேட்கப்போகிறார்கள்?
அதற்குள் பஸ் வெளிக்கிட்டது.
அவளுடைய இருக்கை இன்னும் சூடாயிருந்தது.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது.
இருபுறமும் நந்திக்கடல், தட்டில் ஊற்றிய நீர் போல.
நெஞ்சளவு தண்ணீரில் ஒருவர் வலை வீசினார்.
வலை விரிந்து விழும்வரை
பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை.
அல்லது எப்போதும் இப்படித்தானோ,
எனக்குத் தெரியாது. புதியவள்.

கடல். அதைப் பற்றி என்ன எழுத,
நீலம் என்றால் பொய், பச்சை என்றால் பாதி.
கரைவலையை உழவு மெசின் இழுத்தது.
காகங்கள் கணக்குப் பார்த்தன.
பையை மணலில் சாய்த்துவிட்டு
கச்சான் உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.
ஒரு பெரிய அலை, சொல்லாமல்,
பையைத் தேடி வந்தது.

தூக்கிக்கொண்டு ஓடினேன்.
ஐந்தாவது எட்டில் விழுந்தேன்.

வலைக்காரர்கள் சிரித்தார்கள்; நானும்தான்.
ஒருவர் வந்து பையை நிமிர்த்தி வைத்தார்,
ஒழுகும் கச்சானில் ஒன்றைக் கடித்தார்.
"உப்புப் பிடிச்சிட்டுது," என்றார்.
"இனி அவிச்சால் நல்லாயிருக்கும்."
பாங்கொக் சீட்டு ஒரு பக்கம் உரிந்து
காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.