வாகைப்பேரி, கடல் மட்டத்துக்கு மேல்

"பழசு தெரியப்பிடாது,
ஆனா பழசு மாதிரி இருக்கணும்" என்றார்
காண்ட்ராக்டர் சண்முகவடிவு.
சுரண்டக் கூலி சதுர அடிக்கு.
எழுதக் கூலி எழுத்துக்கு.

தேக்குப் பலகை. மஞ்சளுக்குக் கீழே இன்னொரு மஞ்சள்,
அதற்கும் கீழே
நடுவரியின் மேல் மட்டும் தார்.
ஒரே இழுப்பு. கடைசியில் நாலு விரல் வழுக்கிய தடம்.
அறுபத்தைந்தில் எவனோ
டார்ச் வெளிச்சம் வருமுன் குதித்து ஓடியிருக்கிறான்.
மண்ணெண்ணெய் தொட்டால் போய்விடும்.
தொடவில்லை.
அந்த விரல்களைச் சுற்றிச் சுற்றியே சுரண்டினேன்.

ஓரத்தில், தார் படாத இடத்தில், வெள்ளை.
வெள்ளையில் இங்கிலீஷ் மட்டும்.
எந்தத் துரையின் காதில் எப்படி விழுந்ததோ,
வாசித்தால் 'வகாபெரி' என்று வருகிறது.
அறுபது வருசம் அந்தப் பேருக்குத்தான்
டிக்கெட் கிழித்திருக்கிறார்கள்,
வகாபெரியில்தான்
கருப்பட்டிச் சிப்பம் எடை போட்டிருக்கிறார்கள்,
பர்மாவுக்குப் போனவன் வகாபெரியில் ஏறி
எங்கேயும் இறங்காமல் போயிருக்கிறான்.

ஸ்டேஷன் மாஸ்டர் எஸ்தர் மனோன்மணி
சுவரில் எழுத ஒரு தாள் கொடுத்தார்.
கட்டியது 1903. அகலப்பாதை 2012. பாரம்பரியக் கட்டடம்.
மூன்றே வரி.
"இடையில ஒண்ணும் நடக்கலையா மேடம்?"
"நடந்துச்சு. பட்ஜெட் இல்லை."

அகலப்பாதைக்கு மேடையை உயர்த்தியதில்
பழைய கட்டடம் பள்ளத்துக்குள் போய்விட்டது.
டிக்கெட் அறைக்கு இப்போது
நாலு படி இறங்க வேண்டும்.

ஐப்பசி அடைமழை.
மூன்றாம் நாள் காலை கவுண்டர் வரைக்கும் தண்ணீர்.
மோட்டார் போட்டு இறைத்தோம். மறுநாளும் அதே மட்டம்.
"லீக்கேஜ்" என்றார் சண்முகவடிவு.
டிக்கெட் ஜன்னலில் ஒரு நீர்க்கோழி,
சில்லறை கொடுக்கக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு.

கடைசிப் படியில் வழுக்கி விழுந்தேன்.
கை ஊன்றிய இடத்தில் வெட்டெழுத்து.
எழுத்து என் தொழில். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.
'...கைப்பேரி கீழ மடை
பலவேச... மகன் உடையார்...
உபய...'
அதற்குமேல் செருப்புகள் தேய்த்துவிட்டன.

படி இல்லை, மடைக்கல்.
கரையை வெட்டித்தான் தண்டவாளம்.
கரை மண்தான் மேடை.
பேரி என்றால் பேரேரி என்று
பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்குக்குப் படித்தது.
குளத்தை எடுத்துக்கொண்டு
குளத்தின் பேரைப் பலகையில் மாட்டியிருக்கிறார்கள்,
அதையும் பிழையோடு.

மாஸ்டரிடம் சொன்னேன்.
குடையை மடக்கிவிட்டு இறங்கி வந்தார்,
புடவை நனைய உட்கார்ந்து அவரும் தடவினார்.
செங்கோட்டை பாசஞ்சர் கூவியது.
கொடியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.
தாளில் நாலாவது வரி சேரவில்லை.

பலகையை எழுதி முடித்தேன்.
தார் விரல்கள் நாலும் வார்னிஷுக்கு அடியில்
நிழல் மாதிரி கிடக்கின்றன, உற்றுப் பார்த்தால்.
அடியில் கடல் மட்ட உயரம், மீட்டரில்.
எந்தக் காலத்துத் தரையிலிருந்து அளந்தார்களோ.

கணக்கு முடிக்கும்போது
சண்முகவடிவு எழுத்தெண்ணினார், புள்ளி நீக்கி.
வாகை, இரண்டு.
பேரி, இரண்டு.
முந்நூறு ஏக்கர் தண்ணீர்.
இரண்டு எழுத்துக் கூலி வாங்கிக்கொண்டேன்.