இருநூற்று ஏழு

பிப்ரவரியில்தான் அளந்தோம்.
லிண்டன் மரங்கள் வெறும் எலும்பாய் நின்ற வாரம்.
ரீகா நகரில், தௌகவா ஆற்றின் இக்கரையில்
சாக்கடை மூடிகளுக்கடியில் நானூற்றுப் பன்னிரண்டு சென்சார்கள்,
தேவாலயக் கோபுரத்தில் ஒற்றை அலைவாங்கி.
வரைபடமெங்கும் பச்சைப் புள்ளிகள்.
நகரசபையில் கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள்.

மே வந்தது.
முதலில் பள்ளிக்கூடத்து மூடி பேச்சை நிறுத்தியது,
பிறகு டிராம் நிறுத்தம்,
பிறகு சந்தையை ஒட்டிய மூன்று.
ஒன்றைக்கூடப் பழுதென்று சொல்ல முடியவில்லை.
ஏணியில் நின்ற இல்க்வார்ஸ் கீழே குரல் கொடுத்தான்:
"இலை. வேறொன்றுமில்லை."

ஈரம் குடித்த ஒவ்வொரு இலையும்
ஒரு மிடறு சமிக்ஞையை விழுங்கிக்கொள்கிறது.
லிண்டன்களை எந்தக் கூட்டத்துக்கும்
நாங்கள் அழைத்திருக்கவில்லை.

வெட்டிவிடலாமே என்றவர் நிதிப்பிரிவு.
அவர் வீட்டுத் தெருவில் மரம் கிடையாது.

பத்து வருடம் தாங்கும் என்ற பேட்டரி
இரண்டாம் பனிக்காலத்தில் மூச்சை விட்டது.
விற்ற கம்பெனியை அழைத்தால்
ஒரு பல் மருத்துவமனை எடுக்கிறது.
கடவுச்சொல் வால்டிஸோடு அயர்லாந்து போய்விட்டது.
கேட்டு எழுதினோம்.
உயர்த்திய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

ஆகஸ்ட் மழையன்று
கறுத்துப்போன புள்ளிகளுக்காகத்தான்
இரவெல்லாம் விழித்திருந்தேன்.
தண்ணீர் ஏறியதோ ஒரு பச்சைப் புள்ளியில்.
எண் இருநூற்று ஏழு. பதினேழு சென்டிமீட்டர்.
திங்களன்றும் பதினேழு.
புதனன்றும் பதினேழு.
வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றிய அந்த மூன்று மணிக்கும்
அசையாமல்
பதினேழு.

சலவைக்கடையின் நிலவறையில்
முழங்காலளவு தண்ணீரில் நின்றாள் ஸ்கைத்ரிதே.
ஊர்க்காரர்கள் கோடையில் விட்டுச்சென்ற கம்பளிக் கோட்டுகள்
கைகளை விரித்து மிதந்துகொண்டிருந்தன.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"உங்கள் திரையில் நான் எப்படித் தெரிந்தேன்?"
பச்சையாக, என்றேன்.
அவள் ஒரு கோட்டை எடுத்துப் பிழிந்தாள்.
இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

திரும்பிவந்து ஒரே ஒரு விதி சேர்த்தேன்:
ஒரு நாள் முழுக்க ஒரே எண்ணைச் சொல்வது
சாம்பல் நிறத்தில் தெரியட்டும்.

விடிந்தபோது பாதி நகரம் சாம்பல்.
இம்முறை கேக் இல்லை.
"இவ்வளவு நாளும் நன்றாகத்தானே இருந்தது"
என்றார் நிதிப்பிரிவு.
இல்க்வார்ஸ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டான்,
எங்கிருந்து என்று கேட்கவில்லை,
சலவைக்கடைத் தெருவுக்கே திரும்பினான்.

அக்டோபர் முதல் வாரம்.
காற்று ஒரு கிளையை உதறிய நேரம்,
பள்ளிக்கூடத்து மூடி ஐந்து மாதம் கழித்து
ஒருமுறை வாய் திறந்தது:

நாற்பத்தொன்று.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.