விகுதி

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மேடைக்கு இடப்பக்கம், ஜெனரேட்டருக்கும்
சர்பத் கடைக்கும் நடுவே
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
சீருடை கிடையாது, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.
"ஷார்ட்ஹேண்ட் மேடம் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்"
என்பார் மைக் செட் சேர்மக்கனி.
நிமிடத்துக்கு நூற்றிருபது சொல்.
அதற்குத்தான் சம்பளம்.

கோமதிநாயகம் நல்ல பேச்சாளர்.
வசவு கிடையாது. சாதிப்பெயர் நாவில் வராது.
வழக்குப் போட ஒரு சொல் அகப்படவில்லையே என்று
எங்கள் இன்ஸ்பெக்டரே மெச்சிக்கொள்வார்.

பதினோரு வருடமாய் அவரைக் கோடுகளாகக் கேட்டவள் நான்.
என் பென்சில் பொருளுக்குக் காத்திராது,
ஒலி விழுந்ததும் கீறும்.
அதனால் தெரியும்,
அவர் நஞ்சு வைப்பது சொல்லின் தலையில் இல்லை,
வாலில்.

நடுக்கரைக்குளத்தில் நடந்ததைச் சொன்னார்.
"நம்ம பிள்ளைகள் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்.
கல் எறியப்பட்டது.
கதவு உடைந்தது.
கூரையில் தீ பிடித்துக்கொண்டது."
எறிந்த கை இல்லை, உடைத்த கால் இல்லை.
தீ, பாவம்,
தானாக நடந்து வந்து கூரையேறியிருக்கிறது.
அடுத்த வாக்கியத்தில் மேடைத்தமிழ் செருப்பைக் கழற்றிற்று:
"அவனுவ அருவாள எடுத்தானுவ."
இதில் மட்டும் எழுவாய் உண்டு,
செயப்படுபொருள் உண்டு,
பயனிலை சாணை பிடித்துப் பளபளவென்று இருந்தது.

நம்ம ஆள் ஒருவன் தப்புச் செய்தால்
"அன்னைக்கு ஏதோ அப்படிச் செஞ்சிட்டான்."
அந்தப் பக்கத்து ஆள் செய்தால்
"எப்பவும் அப்படித்தான் செய்வானுவ."
ஒருவன் பலராக, ஒரு நாள் எந்நாளுமாக
அவருக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

பிறகு தேர்தல் ஞாபகம் வரும். குரல் இளகும்.
"நாம எல்லாரும் ஒண்ணு" என்பார்.
நாம் என்றால் கேட்பவரும் வீட்டுக்குள்.
நாங்கள் என்றால் கேட்பவர் வாசலில்.
வேறு பாஷைக்காரருக்கு இந்தக் கதவு இல்லாமலிருக்கலாம்,
நமக்கு உண்டு, கீல் சத்தமே கேட்காது.
"நாம ஒத்துமையா இருக்கணும்.
நாம அண்ணன் தம்பி.
நாங்க எவ்வளவோ விட்டுக் கொடுத்திருக்கோம்."

பின்வரிசையில் முறத்தை மடியில் வைத்து
பீடி சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி
மூன்றாவது வாக்கியத்தில் கத்தரியை எடுத்துச் சொருகினாள்.
முறத்தோடு எழுந்து போனாள்.
அவளுக்கு இலக்கணம் யாரும் நடத்தியதில்லை.

இரவு ஸ்டேஷனில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.
"ஆட்சேபகரமாக எதுவும் பேசப்படவில்லை."
எதைக் குறித்து எழுதுவது?
விகுதிக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

கடைசிப் பத்தி, நடுக்கரைக்குளம் நிலவரம், என் சொந்த வாசகம்:
"ஊர்த் தரப்பில் பிளஸ் டூ மாணவர் சிவகுருநாதன்
தலையில் படுகாயமடைந்தார்.
காலனித் தரப்பில் ஒருவனுக்குக் காயம்."

தேதி சரி. காற்புள்ளி சரி.
கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

ஒருவனுக்கு.

கோமதிநாயகம் எட்டரைக்கே காரேறிப் போய்விட்டார்.
அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு
வார்டுக்கு வாங்கி, பிறகு யார் கைக்கோ மாறி,
"யாரு கேக்கது?" என்றது ஒரு பெண்குரல்.
"நாங்க ஸ்டேஷன்ல இருந்து" என்றேன்.
நான் ஒருத்திதான்.
அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது?

மறுமுனையில் டிராலிச் சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்தது.
"பேரு வேணும்மா. அடிபட்டவர் பேரு."
அடிபட்டவர் என்றதும் மூச்சு ஒன்று நின்று வந்தது.
"என்னத்துக்கு?"
"எழுதணும்."

நெடுநேரம் கழித்து,
பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொல்வதுபோல
இனிஷியலில் தொடங்கினாள்.
"த. வேதக்கண்.
நடுவுல ஒரு க் வரும்.
விட்டுராதீக."