அதிகபட்சப் பதிப்பு

காலை ஆறு ஐந்துக்கு ஹெல்தெர்மாவிலிருந்து விர்வே அழைத்தாள்.
"உன் செருகுநிரல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.
இந்தப் பதிப்புக்குப் பொருந்தாதாம்."

இரவோடு இரவாக வரைபட மென்பொருள்
மூன்றிலிருந்து நான்காகத் தன்னை உயர்த்திக்கொண்டிருக்கிறது.
அலுவலகத்தில் ஹீட்டர் மட்டும் விழித்திருந்த நேரம்.

பொருந்தாது என்று சொன்னது மென்பொருள் அல்ல, நான்.
ஐந்து குளிர்காலத்துக்கு முன், தார்த்துவில்,
பேருந்துக்கு நேரமாகிவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை
'அதிகபட்சப் பதிப்பு' என்ற கட்டத்தில்
மூன்று புள்ளி தொண்ணூற்றொன்பது என்று தட்டினேன்.
நான்கு எப்படி இருக்கும் என்று அன்று யார் கண்டது?
தயிர் டப்பாவில் தேதி அடிக்கிறவர்கூட
என்னைவிட ஒரு நொடி கூடுதலாக யோசித்திருப்பார்.

"நானே மாற்றிவிட்டேன்," என்றாள்.
மூன்றை அழித்து நான்கு. ஒரே ஓர் இலக்கம்.
சாம்பல் விலகி நிறம் வந்ததாம்.
பிழைச் செய்தி ஒன்றும் இல்லையாம்.
"ஆனால் சாலையைக் காணோம்."

ரோஹுகூலாவிலிருந்து தீவு வரை
உறைந்த கடலின் மேல் இருபத்தாறு கிலோமீட்டர்.
ஓரம் தெரிய ஜூனிப்பர் கிளைகளை நட்டிருக்கிறார்கள்.
பத்து மணிக்குத் திறக்க வேண்டும்.
அக்கரையில் ரொட்டி வேன்,
அதன் பின்னால் பல்வலியோடு ஓர் இசை ஆசிரியை.

"வரைபடத்தைச் சுருக்கு," என்றேன். "இன்னும். இன்னும்."
மவுஸ் சக்கரம் உருளும் சத்தம்.
பிறகு சிரிப்பு.
"ஓமானில் இருக்கிறது!"

நான்கில் அட்சரேகைக்கு முதல் இடம்.
என் நிரலோ தீர்க்கரேகையை முன்னே அனுப்பிப் பழகியது.
ஐம்பத்தொன்பதும் இருபத்துமூன்றும் நாற்காலி மாறி உட்கார,
எங்கள் பனிச்சாலை
குரையாத் கரையோரம், வெதுவெதுப்பான நீரில்.
தடிமன் இருபத்துநான்கு சென்டிமீட்டர்.
வாகனங்கள் செல்லலாம். பச்சை.

சிரித்து ஓய்ந்தபின் இருவரும் பேசவில்லை.
இவ்வளவு தூரம் ஓடிய பிழை
தானே கைதூக்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.
முப்பதே மீட்டர் நகர்ந்திருந்தால்?
நீரோட்டம் அடியில் அரித்த இடத்தின் மேல்
அதே பச்சை, அதே நேர்க்கோடு.

அந்தச் சாலைக்கும் எண்கள் உண்டு.
இருபத்தைந்துக்குக் கீழே போகலாம்,
நாற்பதுக்கு மேலே போகலாம்,
நடுவில் கூடாது: அடியில் அலை எழும்பிப் பனியைப் பிளக்கும்.
அவற்றை யாரோ அளந்து எழுதினார்கள்.

"திரும்ப மூன்றாக்கு, விர்வே."
"ஆக்கியாயிற்று. அலமாரியில் பழைய மடிக்கணினி இருக்கிறது.
சார்ஜர்தான் ஊலோ வீட்டில்."

ஊலோ வந்தார், சார்ஜரோடு துளைக்கருவியையும் தூக்கிக்கொண்டு.
சாலை பதினொன்று நாற்பதுக்குத் திறந்தது.
ஆசிரியை அதற்குள் திரும்பிப் போய்விட்டாராம்.

இரவு என் நிரலைத் திறந்தேன்.
இரண்டு எண்களை இடம் மாற்றியதும்
சாலை பால்டிக்குக்குத் திரும்பியது.
அந்தக் கட்டத்தில் மட்டும் கர்சர் வெகுநேரம் துடித்தது.
நான்கு புள்ளி தொண்ணூற்றொன்பது என்று
விரல் பழக்கத்தில் தட்டிவிட்டது.
அழித்தேன்.
நான்கு புள்ளி பூஜ்யம்.
அதுவரைதான் நான் பார்த்திருக்கிறேன்.