பொருந்தாது

ஐம்பது கேள்வி, கேள்விக்கு இரண்டு மதிப்பெண்.
உடையாப்பட்டி தாண்டி ஒரு ஜவ்வரிசி ஆலை.
காலை ஒன்பது முதல் நாலரை வரை
கேட்டதைப் பார்த்து, பார்த்ததை மறுபடி கேட்டு
எண்பத்திரண்டு போட்டேன்.
எண்பத்திரண்டு மஞ்சள்.
எண்பத்தைந்தைத் தொட்டால் பச்சை.

மேலாளர் செங்கோட்டுவேல் கெட்டவர் இல்லை.
கிழங்குத் தோல் சீவும் பெண்களுக்குக் கையுறை வாங்கி
ரசீதைக் கோப்பில் வைத்திருக்கிறார்.
கத்தி வழுக்குது என்று
நல்லம்மா அதை இடுப்பில் செருகியிருந்தாள்.
ரசீதுக்கு ஒன்று போட்டேன்.
இடுப்புக்கு ஒன்று கழித்தேன்.

தட்டுவடை வந்தது, டீ வந்தது, பிறகு பேச்சு வந்தது:
"நாற்பத்தொன்று, ரெண்டு, மூணு,
மூணும் ஓடையப் பத்தி. மூணுக்கும் சுழி போட்டிருக்கீங்க.
வந்து பாருங்க மேடம், ஓடை எங்க இருக்கு?"

போனோம்.
மே மாதம். வேலிக்குப் பின்னே
வெடித்த மண், சீமைக்கருவேலம், ஒற்றைச் செருப்பு.
சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்
வாயைத் துடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.
கீழே மட்டும், மாவு காய்ந்த வெள்ளைத் தடம்.

"பொருந்தாதுன்னு ஒரு கட்டம் இருக்குதுல்ல?"

இருக்கிறது.
போன வருடப் பயிற்சியில் அதை விளக்கியதே நான்தான்:
பொருந்தாத கேள்வி வகுக்கும் எண்ணிலிருந்து போய்விடும்.
மேலே ஒன்றும் ஏறாது, கீழே ஆறு குறையும்.
தொண்ணூற்று நான்குக்கு எண்பத்திரண்டு என்றால்
நூற்றுக்கு எண்பத்தேழு.
பொய் ஒன்றுமில்லை.
கணக்கில் பிழை இல்லை.
ஓடை மட்டும் இல்லை.

ஐந்து ரோட்டில் விடுதி அறை.
மடிக்கணினித் திரையில் அந்த மூன்று வரிகள்.
புனேயில் வாங்குகிறவர் நிறத்தைத்தான் பார்ப்பார்.
வங்கி முத்திரையைப் பார்க்கும்.
நாற்பத்தொன்றாம் கேள்வி வரை உருட்டி வருவது யார்?
தீயணைப்பானும், மூன்று மொழி அறிவிப்புப் பலகையும்
முழு மதிப்பெண் வாங்கி
குழாய்க்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.
சராசரி என்று நாங்கள் சொல்வது
இந்தக் கைமாற்றைத்தான்.

புனே ஆர்டர் கைவிட்டுப் போனால்
முதலில் நிற்கப்போவது நல்லம்மாவா என்று
ஐம்பதில் ஒரு கேள்வியும் இல்லை.
அதற்கு எந்தக் கட்டத்தை நான் அழுத்துவேன்?

மின்சாரம் போனது.
ஜன்னலில் சேர்வராயன் மலை ஒரு கறுப்பு மேடு.
ஏற்காட்டுப் பாதையில் ஒரு வண்டி
ஒவ்வொரு வளைவிலும் அணைந்து எரிந்து இறங்கியது.
அதற்கு மேலே, சத்தமில்லாமல், மின்னல்.

குறிப்புக் கட்டத்தில் இருநூறு எழுத்துக்கு இடம்.
"ஓடை உண்டு.
நான் வந்த நாளில் தண்ணீர் இல்லை."
மீதி இடத்தைக் காலியாக விட்டேன்.
சுழி மூன்றும் சுழியாகவே இருந்தன.

காலை ஆறே முக்காலுக்கு அழைத்தார்.
"மஞ்சளா?"
"மஞ்சள்."
கொஞ்ச நேரம் இருவரும் வைக்கவில்லை.
மழைச் சத்தம் கேட்டது.
என் பக்கமா, அவர் பக்கமா,
தெரியவில்லை.