அழித்த முகம்

கரண்டு போன ராத்திரி.
வில்லாபுரம் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு
டோக்கியோவில் நடக்கிறேன், நிஷிகசாயில்,
விரலால். ஒரு தொடுதலுக்குப் பத்தடி.

மருந்துக்கடை. வரிசையாகச் சைக்கிள்கள்.
சிவப்புத் தபால்பெட்டிக்கு எதிரே
ஐந்தாம் மாடி, நீ பிடித்திருக்கும் வீடு.
பால்கனியில் யாரோ ஒருத்தி துணி உதறுகிறாள்.
முகத்தை அழித்திருக்கிறார்கள்.
அவள் காலிசெய்துதானே நமக்குக் கிடைத்திருக்கும்.
எங்கே போனாளோ.

தூக்கம் வராமல்
நம் தெருவையும் தேடினேன்.
தண்ணீர் லாரி வந்த நாள் போல.
ஏழாவது குடம், பச்சை,
கழுத்தில் கயிறு கட்டியது, என்னுடையது.
பின்னால் இடுப்பில் கைவைத்தபடி ஹபீபா அக்கா,
நிற்கிற தோரணையிலேயே தெரியும்.
எங்கள் இரண்டு பேருக்கும்
அதே மங்கல்.

வெள்ளிக்கிழமை விசா வந்துவிடும் என்கிறாய்.
அக்கா குடத்தைக் கேட்டிருக்கிறாள்.