அஞ்சாப்புலி, மூன்று தவணை பாக்கி

பெயர் அஞ்சாப்புலி.
சிபில் ஸ்கோர் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
மஞ்சக்குப்பம் ஆபீசில் எல்லோரும் சிரித்தோம்.
புலியைப் பிடிக்க யார் போவதென்று
ஏசிக்குக் கீழே சீட்டுப் போட்டோம்.
எனக்கு விழுந்தது.

குடிகாடு. சிப்காட் மதிலுக்குப் பின்புறம்.
பைக்கை நிறுத்தும்போதே
அழுகிய பூண்டும் நெயில் பாலிஷும் கலந்த வாடை.
பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட்.
எந்தக் கம்பெனி என்றால் சட்டையைக் காட்டுவார்:
இந்த வருஷம் நீலம், போன வருஷம் ஆரஞ்சு.
உருட்டுவது அதே டிரம்.

திட்டத் தயாராகத்தான் போனேன்.
பயிற்சியில் சொல்லித் தருவார்கள்,
மீசையைப் பார்த்துப் பேசு.
'நீயெல்லாம் ஆம்பளையா'
மூன்றாவது வாக்கியமாக வரவேண்டும்,
முதலிலேயே வந்தால் அடி விழும்.

முதல் வாக்கியத்துக்கே இடமில்லை.
தெருவில் வரிசையாக வைத்திருந்தார்:
நாற்பத்து மூன்று இன்ச் டிவி, ஏர்கூலர், மிக்சி, பைக்,
டிவியோடு இலவசமாக வந்த
எந்த ஊரும் பார்க்காத டிராலி பேக்.
ஒவ்வொன்றின் மேலும் பில்.
பில் பறக்காமல் ஒரு கல்.

"எடுத்துக்குங்க சார்.
இதுங்களுக்காக நைட் ஷிப்ட் போனேன்.
நான் தூங்கயில அது முழிச்சிருக்கு,
அது தூங்கயில நான் டிரம் உருட்டுறேன்.
நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதே இல்ல."

டிவி வந்த அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு
சம்மணமிட்டு உட்கார்ந்தார்.
ஆண்கள் கூடினார்கள். ஒருவன் விசிலடித்தான்.
இன்னொருவன் வீட்டுக்குள் ஓடி
ஹோம் தியேட்டரைத் தூக்கிவந்து வரிசையில் வைத்தான்.
அதற்குக் கடனே இல்லை.
என் கை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை
ஒரு சுற்றுக் கழற்றியிருந்தது.

அஞ்சலாட்சி வெளியே வந்தாள்.
வரிசையைப் பார்த்தாள்.
"இது என் குழுக் கடன்" என்று
மிக்சியை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.
"சட்னியை உன் ரோஷமா அரைக்கும்?"

யாரும் விசிலடிக்கவில்லை.
அஞ்சாப்புலி குனிந்து அட்டையைப் பார்த்தார்.
உடையக்கூடியது என்பதற்கு அச்சடித்த
ஒயின் கோப்பைப் படத்தின் மேல்
அவர் உட்கார்ந்திருந்தார்.

டிவியை வேனில் ஏற்றினோம்.
ஹோம் தியேட்டர்காரன்
சத்தமில்லாமல் திருப்பி எடுத்துப் போனான்.

இரவு உப்பனாற்றுப் பாலத்தில்
சட்டைப் பையில் எதுவோ உறுத்தியது.
ரிமோட். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது.

நாளை என் தவணை.
வங்கியிலிருந்து ஒரு பெண்
சார் என்று மென்மையாகத்தான் கூப்பிடுவாள்.
அந்த மூன்றாவது வாக்கியத்தை
அவளுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.
நானே சொல்லிக்கொள்வேன்.

மதிலுக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கை நோக்கி
ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.